தேர் நான்கு வீதியும் வர வேண்டும்: மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், தேரோட்ட ஆலோசனைக் கூட்டத்தில் கலந்துகொண்ட கோயில் நிர்வாகம், நகராட்சி, மின்துறை, காவல்துறை அதிகாரிகளுக்கும்,

வைகாசித் தேர் இந்த வருடம் கிழக்கு வீதியில் மட்டும் ஓடும், தெற்கு வீதி முனை வரை போய் அங்கிருந்து நிலைக்குத் திரும்பிவிடும் என்று கோயில் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். காரணம் என்று போட்டிருப்பது ஒரே வரி: ‘பொதுமக்கள் பாதுகாப்பு கருதி’. இந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் வீதிக்காரர்கள் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. திருவிழாச் செலவை நாள்வாரியாக ஏற்கிற மண்டகப்படிக்காரர்களைக் கேட்கவில்லை. தேர்ச்சக்கரத்துக்கு அடியில் குனிந்து கட்டை போடுகிற எங்களையும் கேட்கவில்லை.

என் அப்பா இந்தத் தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். அவருக்கு முழங்கால் போன பிறகு நான் போடுகிறேன். மற்ற நாட்களில் எனக்கு வெல்டிங் பட்டறை வேலை. பாதுகாப்பைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஏனென்றால் தேரோட்டத்தில் ஏதாவது தப்பு நடந்தால் முதலில் போவது எங்கள் கைகால்தான். அதனால்தான் சொல்கிறேன். நீங்கள் எடுத்திருக்கும் முடிவு பாதுகாப்பானதும் அல்ல, நியாயமானதும் அல்ல.

முதலில், பாதுகாப்பு எப்படி இல்லை என்பதைப் பார்ப்போம். எங்கள் தேரில் பிரேக் கிடையாது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. அதற்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர்த் தேர் அதன் பக்கத்தில் பிள்ளைத் தேர்தான். ஆனாலும் ஒரு தடவை அசைந்து நகர ஆரம்பித்துவிட்டால், வடத்தைக் கீழே போட்டாலும் நிற்காது. கட்டைதான் நிறுத்தும். சக்கரம் உருண்டு வரும்போது அதற்கும் தரைக்கும் நடுவில் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். குனிந்திருக்கிற எங்களுக்கு முன்னால் வடம் பிடிக்கிற கூட்டம் தெரியாது. தேர்த்தட்டில் நிற்பவர் வீசும் துண்டும் அவருடைய விசிலும்தான் எங்களுக்குக் கண்.

முனையில் திரும்புவது இன்னும் நிதானமான வேலை. ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டையைச் சாய்த்துக் கொடுப்போம். சக்கரம் அதன்மேல் ஏறி, சறுக்கி இறங்கும். அந்தச் சறுக்கலில் தேர் ஒரு சாண் முகம் திருப்பும். மறுபடி இழுப்பு, மறுபடி கட்டை. பின்னால் சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்புவார்கள். தேரைச் சுற்றித் தொங்குகிற துணித் தொம்பைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடும், மேலே கலசம் அதைவிட அதிகமாக ஆடும். தேரோட்டத்திலேயே ஆபத்தான நேரம் இந்தத் திருப்பம்தான். நான்கு வீதியும் சுற்றினால் நான்கு முனையிலும் கால் வட்டம், கால் வட்டமாகத் திரும்பும். ஒவ்வொரு முனையும் அதற்கென்றே அகலமாக விட்ட இடம்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? தெற்கு வீதி முனை வரை போய்த் திரும்பி வா என்கிறீர்கள். அங்கே அரை வட்டம் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் ஜவுளிக்கடை முன்புறத் தகரம், மறுபக்கம் டிரான்ஸ்ஃபார்மர், நடுவில் கூட்டம். திருப்பாமல் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரலாம் என்று யாராவது யோசித்திருந்தால், தேரின் பின்பக்கம் வடம் பூட்டக் கொக்கி கிடையாது என்பதை வந்து பார்த்திருக்கலாம். பொக்லைனை விட்டுத் தள்ளிக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. மரச்சட்டத்தில் பொக்லைன் வாளி முட்டினால் எங்கே விரியும் என்று எந்த ஸ்தபதியையாவது கேட்டீர்களா? இந்த நூற்றைம்பது கெஜத்துப் ‘பாதுகாப்பு’ ஓட்டத்துக்குக் கட்டை போட எனக்குப் பயமாக இருக்கிறது. நான்கு வீதி ஓட்டத்துக்கு அந்தப் பயம் இல்லை.

களிமேட்டை யாரும் மறக்கவில்லை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் பக்கத்தில் அப்பர் சதயவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் செத்துப்போனார்கள். அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குள் தருமபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் தேர் கவிழ்ந்து உயிர்கள் போயின. இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் இந்த முடிவு என்றால், அந்தச் சாவுகளிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது தப்பான கணக்கு. களிமேட்டில் கொன்றது வழியில் மின்சாரம் நிறுத்தாமல் விட்ட மின்கம்பி. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதையும் அப்போதே எல்லோரும் பேசினார்கள். வீதி நீளமாக இருந்ததால் யாரும் சாகவில்லை.

நம் ஊர் வீதிகளுக்கு வருகிறேன். வடக்கு வீதியில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி இருந்தது. ஏறித்தான் திண்ணைக்குப் போக வேண்டும். இப்போது மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் திண்ணைக்கு இறங்கி வருகிறது. பழைய தார் மேலே புதுத் தார், அதன்மேல் இன்னொரு தார். 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று எல்லாத் துறைக்கும் எழுதினார். அதற்குப் பிறகும் நம் வடக்கு வீதியில் சுரண்டாமல்தான் போட்டார்கள். நான் நின்று பார்த்தேன். கேட்டதற்கு ‘மில்லிங் மெஷின் இந்தத் தெருவுக்குள்ளே வராது’ என்றார் ஒப்பந்தக்காரரின் ஆள். ஜல்லி லாரி வந்த தெருவுக்குள் மெஷின் வராதாம். சரி, ரோடு ஒரு முழம் ஏறினால் தேரும் ஒரு முழம் ஏறும். கம்பி இருந்த இடத்திலேயே இருக்கும். இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் படிக்க வேண்டுமா?

மின்கம்பியாவது தேரன்று அணைத்துக் கழற்றப்படும். அதற்குக் கீழே தொங்குகிற கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர் எல்லாம் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. கம்பத்துக்குக் கம்பம் வலை கட்டியது போல இருக்கிறது. போன வருடம் மேற்கு வீதியில் தேரின் மேல்தட்டில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். அவன் கையில் நுனியில் கவை கட்டிய மூங்கில் கழி. எதிரே வருகிற ஒவ்வொரு வயரையும் கவையால் தூக்கித் தலைக்கு மேலே தாண்டவிட்டுக்கொண்டே வந்தான். எந்த வயரில் மின்சாரம் உண்டு, எதில் இல்லை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கீழே எல்லோரும் அரோகரா போட்டார்கள். நான் அவன் கழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை துறை சேர்ந்து கூட்டம் போட்டு, கடைசியில் பாதுகாப்பு ஏற்பாடு என்று களத்தில் இருந்தது அந்தக் கவைக்கழி ஒன்றுதான்.

மேற்கு வீதி முடிந்து வடக்கு வீதி ஆரம்பிக்கிற முனையில் புதிதாகப் பாதாளச் சாக்கடைக்கு ஆள்நுழைக் குழி தோண்டி மூடியிருக்கிறீர்கள். அந்த மூடி தேர்ச்சக்கரத்தைத் தாங்காது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதன் ஓரத்தில் சக்கரம் புதைந்து, தேர் சாயங்காலம் வரை அங்கேயே நின்றது. இரும்புத் தகடு கொண்டுவந்து போட்டு, தடி போட்டு நெம்பி எடுத்தோம். தகடு என் பட்டறையிலிருந்து போனதுதான். மறுநாளே நகராட்சியில் எழுதிக் கொடுத்தோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. கம்பியைப் புதைவடமாக மாற்றக் கேட்ட மனுவுக்கும் அதே பதில், அதே வரி. ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருப்பார்கள் போல.

ஆக, ரோட்டை உயர்த்தியது யார், வயரைத் தொங்கவிட்டது யார், குழியைத் தோண்டியது யார் என்று பார்த்தால் அதில் தேர் எங்கேயும் இல்லை. அவரவர் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டு, தண்டனையைத் தேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

தேருக்கு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. யாருக்குப் போய்ச் சேர்கிறது இந்தத் தண்டனை? கிழக்கு வீதிக்குத் தேர் வரும். கோயிலும் அங்கேதான், பெரிய கடைகளும் விருந்தினர் பந்தலும் அங்கேதான். வராமல் போவது தெற்கு, மேற்கு, வடக்கு வீதிகளுக்கு. வடக்கு வீதியின் பின்னால்தான் காலனி இருக்கிறது. கோயில் நுழைவு சென்னை மாகாணம் முழுமைக்கும் சட்டமானது 1947-ல். சட்டம் வந்தவுடன் எல்லோரும் உள்ளே போய்விடவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்தத் தெருப் பெரியவர்கள் ரொம்ப காலம் சுவாமியைப் பார்த்தது வடக்கு வீதி முனையில் நின்றுதான். தேர் தங்கள் தெருவுக்குள் வராது, முனையில் தாண்டிப் போகும், அந்தக் கொஞ்ச நேரம்தான் தரிசனம். இன்றைக்குத் தடி போடுகிறவர்களிலும் கட்டை தூக்குகிறவர்களிலும் பாதிப் பேர் அங்கிருந்து வருகிற பிள்ளைகள். முனையில் அர்ச்சனைத் தட்டோடு அவர்கள் வீட்டுப் பெண்கள் நிற்பார்கள். தேரைத் தள்ள அவர்கள் தோள் வேண்டும், ஆனால் தேர் அவர்கள் முனைக்கு வராது என்பதுதான் உங்கள் அறிவிப்புக்கு அர்த்தம். நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை என்று நம்புகிறேன். ஆனால் படிக்கிறவர்கள் அப்படித்தான் படித்தார்கள்.

தேரோட்டம் என்றால் எல்லாம் சமத்துவம், எல்லாம் ஒற்றுமை என்று நான் கதைவிடப் போவதில்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் வடத்தை யார் பிடிப்பது என்ற தகராறில் தேர் எத்தனை வருடம் நின்றது, கோர்ட் எத்தனை முறை தலையிட வேண்டியிருந்தது என்பது ஊரறிந்த விஷயம். கடைசியில் 2024 ஜூன் மாதம் போலீஸ் காவலோடு ஓடியது. நம் ஊரிலும் முதல் மரியாதை, பரிவட்டம் என்று சண்டை வந்த வருடங்கள் உண்டு. அந்தச் சண்டையெல்லாம் பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்து, இன்றைக்கு வடத்தில் கை வைக்க யாரும் யாரையும் கேட்பதில்லை என்ற நிலை இருக்கிறது. சண்டிகேசுவரர் சப்பரத்தை எல்லாத் தெருப் பொடியன்களும் கலந்துதான் இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், பெரிய தேர் வரும் முன்னாலேயே நிலைக்குப் போய்விடும் அவசரத்தில். இதைக் கட்டிக் கொண்டுவர ஊருக்கு ஒரு தலைமுறை ஆயிற்று. நீங்கள் ஒரு அறிவிப்பில் பிரித்துப்போட்டுவிட்டீர்கள்.

கட்டிக்கொடுத்த பெண்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் தேருக்கு வருவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள் லீவு வாங்குவது தேருக்குத்தான். மேற்கு வீதியில் வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பது பொங்கலுக்கு அல்ல, தேருக்கு. நடக்க முடியாத கிழவிகளை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைப்பார்கள். அவர்களால் இனி கோயில் படி ஏற முடியாது, சுவாமி வாசலுக்கு வந்தால்தான் உண்டு. பொரிக்கடலைக்காரர், வளையல்காரர், பலூன்காரர் எல்லோரும் நான்கு வீதிக்கும் இடம் பிடித்துக் கடை போடுகிறவர்கள். எல்லோரையும் ஒரே வீதியில் அடைத்தால் என்ன ஆகும்? 2022 சித்திரையில் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். கூட்டம் பரவி நிற்க இடம் இருந்தால்தான் உயிர் பிழைக்கும். நான்கு வீதியில் நிற்கிற ஜனத்தை ஒரு வீதிக்குள் வரச்சொல்வதுதான் பாதுகாப்பு என்பதை எந்தப் போலீஸ் அதிகாரி ஒப்புக்கொண்டார் என்று எனக்குத் தெரியவேண்டும்.

‘இந்த ஒரு வருடம்தானே’ என்று கோயில் அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரு வருடம் என்று நின்ற தேர்கள் எப்படி நின்றன என்று தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். திருவாரூர்த் தேரே இருபது வருடத்துக்கு மேல் ஓடாமல் கிடந்து, 1970-ல் கருணாநிதி முதல்வராக இருந்தபோதுதான் மறுபடி ஓடியது. நின்ற தேரை ஓட்டுவது சாதாரண வேலை இல்லை. மரம் இற்றுப்போகும், அச்சு துருப்பிடிக்கும், வடம் மக்கும். அதைவிட, கட்டை போடத் தெரிந்த கை இல்லாமல் போகும். அதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. நான் அப்பா பக்கத்தில் வெறும் கட்டையைத் தூக்கிக்கொண்டு பல தேர் நடந்த பிறகுதான், மேற்கு வீதியில் முதல் கட்டை போட விட்டார். மூன்று வீதியை எடுத்துவிட்டால் என் பையன் எங்கே கற்றுக்கொள்வான்? தேரே ஓடாத வீதியில் ஆக்கிரமிப்பு எவ்வளவு சீக்கிரம் முன்னால் வரும் என்று உங்கள் நில அளவையரைக் கேளுங்கள். இன்றைக்குத் தகரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிற கடைக்காரர், தேர் வராது என்று தெரிந்தால் அதே இடத்தில் சுவர் வைத்துவிடுவார்.

வேறு ஊர்களில் என்ன செய்கிறார்கள்? 2024 ஆனித் தேரோட்டத்தில் திருநெல்வேலி நெல்லையப்பர் தேரின் வடம் திரும்பத் திரும்ப அறுந்தது. ஊரே கோபப்பட்டது, பேசாத பேச்சில்லை. அந்தக் குறைக்குத் தீர்வு புது வடம் வாங்குவதுதான். ரத வீதியைப் பாதியாகக் குறைக்கலாம் என்று அங்கே ஒருவரும் சொல்லத் துணியவில்லை.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டியிருக்கும் அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். தேர் வழக்கம்போல நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வரும் என்று கொடியேற்றத்துக்கு முன்னால் எழுத்தில் தெரிவியுங்கள். கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் செய்யக்கூடிய வேலைகள் உண்டு: மேற்கு, வடக்கு முனைக் குழிமூடிகளை எடுத்துவிட்டுக் கனமான வார்ப்பு மூடி போடுங்கள். அது முடியாவிட்டால் தேரன்றைக்கு அதன்மேல் போட இரும்புத் தகடாவது நகராட்சி தயாராக வைத்திருக்கட்டும். வெட்டிக் கொடுக்க என் பட்டறை இருக்கிறது, கூலி வேண்டாம். கேபிள், இன்டர்நெட் வயர்களுக்கு உரிமையாளர் யார் யார் என்று கணக்கெடுத்து, தேருக்கு முந்தின நாள் அவர்களே அவிழ்த்துக்கொள்ள வேண்டும் என்று நோட்டீஸ் கொடுங்கள். அவிழ்க்காத வயரை நீங்கள் வெட்டுங்கள். தேர்த்தட்டில் கவைக்கழியோடு இனி ஒரு பையன்கூட ஏறக் கூடாது. மின்துறைப் பணியாளர் ஒருவர் தேருக்கு முன்னால் வீதி வீதியாக நடந்து, மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் வடம் பிடிக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் நாங்கள் கட்டையை எடுக்க மாட்டோம்.

தேரோட்டத்துக்கு முன்னால் அச்சு, சக்கரம், வடம் மூன்றையும் பொறியாளரும் ஸ்தபதியும் சேர்ந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சான்றைத் தேரடியில் எல்லோரும் படிக்கிற இடத்தில் ஒட்டுங்கள். ஏதாவது குறை இருந்து தேர் ஓடக் கூடாது என்று அவர்கள் சொன்னால் அதற்கு நாங்கள் கட்டுப்படுகிறோம். கட்டை போடுகிறவர்களுக்கும் தடி போடுகிறவர்களுக்கும் விபத்துக் காப்பீடு எடுத்துக் கொடுங்கள். இதுவரை எங்களுக்குக் கிடைத்திருப்பது ஒரு வேட்டி, துண்டு, பிரசாதப் பை.

ஒரு மாதத்தில் முடியாத வேலையும் இருக்கிறது. நான்கு தேர்வீதிகளிலும் மின்கம்பியைப் பூமிக்கு அடியில் கொண்டுபோவதற்கு மதிப்பீடு போட்டு, எந்த நிதியாண்டில் எந்தத் துறை செய்யும் என்று சொல்லுங்கள். அடுத்த முறை சாலை போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்து, மட்டம் குறித்து, அந்த அளவை வீதியில் ஒரு கல்லில் பொறித்து வையுங்கள். மறுபடி யாராவது உயர்த்தினால் கல்லைக் காட்டிக் கேட்போம்.

இனிமேல் தேர் சம்பந்தமாக நடக்கும் ஆலோசனைக் கூட்டத்துக்கு நான்கு வீதியிலிருந்தும், காலனியிலிருந்தும், கட்டை போடுகிறவர்களிலிருந்தும் ஆட்களைக் கூப்பிடுங்கள். இந்த முறை நடந்த கூட்டத்தின் குறிப்பில் யார் என்ன சொன்னார்கள், அரை வட்டம் திருப்பலாம் என்று யோசனை கொடுத்தவர் யார் என்பதையும் எங்களுக்குக் கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு முப்பது நாள் காத்திருந்தால், கொடியேற்றம் நெருங்கிவிடும், எதையும் திருத்த நேரம் இருக்காது. அதனால்தான் இப்படி எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சார்பில்,
வடக்கு வீதிக்காரன் ஒருவன்